புறங்கை

மூன்று தடவை சோப்புப் போட்டாயிற்று, இன்னும் கையில் நல்லெண்ணெய் வாசம் அடிக்கிறது. அல்லது கையை விட்டுப் போய் மூக்கில் உட்கார்ந்துகொண்டதோ என்னவோ. அப்பாவைத்தான் கேட்க வேண்டும், அவருடைய மூக்குக்கு மட்டும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை, நேற்று நான் அடுப்படியில் கிண்ணத்தைச் சூடு காட்டும்போதே இங்கே கட்டிலில் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கேட்டால் பதில் வராது. நேற்று மதியம் மூன்று மணியிலிருந்து இன்று மதியம் மூன்று மணி வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையால் ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை, தண்ணீரைக்கூட நான் தம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போன பிறகு தானே எடுத்துக் குடித்திருக்கிறார், பாதி தலையணையில். பெற்ற மகளைப் பார்த்து எழுபத்தொன்பது வயது மனுஷன் பயப்படுகிறார். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய லைன்மேன் வெயிலுமுத்து, இடி மழையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவர், என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். ஆறு மணிக்கு அடுத்த மாத்திரை. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். டாக்டர் சொன்ன கணக்குப்படி இனி வாரம்தான், மாசம் இல்லை, அதில் ஒரு நாளை ஏற்கெனவே தொலைத்துவிட்டேன். இவர் போகத்தான் போகிறார், அதை நான் அழுது முடித்துவிட்டேன், குளியலறையில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு தவணையாக. ஆனால் என்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டே போய்விட்டால் அதை எங்கே போய் அழுவது.

எல்லாம் ஜெசிந்தா சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் வந்தது, இல்லை, அவரைச் சொல்லக் கூடாது, அவர் நல்லதைத்தான் சொன்னார். வீட்டுக்கே வந்து வலி மாத்திரை பார்த்துவிட்டுப் போகிற சிஸ்டர், வாரம் ஒரு தடவை ஸ்கூட்டியில் வருவார், வந்தால் முதலில் அப்பாவின் கையைத்தான் பிடிப்பார், அப்புறம்தான் பி.பி. கருவி. போன வாரம் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மிச்சம் பாதியை உங்கள் கை செய்யும் என்றார். நான் பி.டி. டீச்சர், கைக்கு வேலை என்றதும் உற்சாகமாகிவிட்டேன். கோ-கோ ஆடுகிற பிள்ளைகளுக்குக் கால் பிசகினால் தைலத்தைப் போட்டு நான் உருவுகிற உருவலில் பாதிப் பிள்ளைகள் வலி போய்விட்டது என்று பொய் சொல்லி எழுந்து ஓடிவிடும். அதே தோரணையில் அப்பாவின் முழங்கையைப் பிடித்தேன். சிஸ்டர் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினார். அழுத்தவே வேண்டாம், உங்கள் கைக்கு என்ன எடை உண்டோ அதுவே போதும், பால் ஆடையை விரலால் தள்ளுகிற மாதிரி, அதுவும் அவர் மூச்சு விடுகிற வேகத்துக்குத்தான். வீங்கின காலை விட்டுவிடுங்கள், கை, தோள், நெற்றி, பாதம் போதும். முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள். வேண்டுமானால் கொஞ்சம் எண்ணெய். அந்த வேண்டுமானால் என்ற வார்த்தையை நான் ஏன் கேட்கவில்லை, எனக்கு எதையும் நிறைவாகச் செய்ய வேண்டும், அரைகுறை பிடிக்காது, எண்ணெய் என்றதும் செக்கில் ஆட்டின நல்லெண்ணெயாகத் தேடி வாங்கி வந்தேன். போகிற போக்கில் சிஸ்டர், நாக்கு வறண்டு கிடக்கிறது, பிடித்தால் இளநீர் கொடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். பஸ் ஸ்டாண்ட் முக்கில் இளநீரும் கிடைத்தது. ஒரே பை. எண்ணெய் பாட்டிலும் இளநீரும் பைக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன, நான் ஏதோ பெரிய காரியம் செய்கிறவள் மாதிரி வேகவேகமாக நடந்து வந்தேன்.

அந்த முகம். கிண்ணத்தைப் பார்த்தார், ஸ்டூலில் சீவி வைத்திருந்த இளநீரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு வேறு நின்றேன். எண்ணெய் தேய்ச்சு விடட்டுமாப்பா, உடம்புக்குச் சுகமா இருக்கும் என்று வேறு சொன்னேன். இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு வாயை இறுக்கிக்கொண்டார், ஊசி போட வந்தவரிடம் குழந்தை இறுக்குமே அப்படி. குளிருகிறது போல என்று நினைத்து ஃபேனைக் குறைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். சாயங்காலம் அத்தை போன் பண்ணினாள், அப்பாவின் தங்கை அன்னக்கிளி, அவளிடம் உங்கள் அண்ணன் சாப்பிட மாட்டேன் என்கிறார், எண்ணெய் தேய்க்கப் போனேன், இளநீர் வாங்கி வந்தேன், ஒன்றுக்கும் அசையவில்லை என்று புகார் சொன்னேன். எண்ணெயும் இளநீருமா என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டாள். அப்புறம், "கூறு கெட்டவளே, எண்ணெயையும் இளநீரையும் ஒண்ணாவா கொண்டு போய் நிப்ப?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உள்ளங்காலில் இருந்து ஏறி வந்தது அது. தெரியாத விஷயமா? எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது, யார்தான் வெளியே பேசுவார்கள். படுத்த படுக்கையாய் இழுத்துக்கொண்டு கிடக்கிறவருக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி இளநீரைக் கொடுத்துவிடுவது. இரண்டு நாளில் சளி கட்டும், காய்ச்சல் வரும், முடிந்துவிடும். யாரும் கொன்றதாகாது. எல்லாரும் சேர்ந்து குளிப்பாட்டினதாகத்தான் ஆகும்.

அத்தை அதோடு நிறுத்தியிருக்கலாம். தாத்தாவுக்கு நடந்ததும் அதுதான் என்றாள். எனக்கு அப்போது மூன்று வயசு, தாத்தா என்றால் ஞாபகத்தில் ஒரு இருமலும் வெற்றிலை வாசமும் மட்டும்தான். இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாராம், முதுகெல்லாம் புண்ணாம், பெரியவர்கள் கூடிப் பேசினார்களாம், மூத்த மகன் கைதான் முதலில் படணும் என்றார்களாம். மூத்த மகன் என்றால் அப்பா. முப்பத்து மூன்று வயசு அப்பா. டூட்டியிலிருந்து காக்கிச் சட்டையோடு வந்தவரை உட்காரவைத்துக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள் என்றாள் அத்தை. அப்புறம் அண்ணன் தன் தலைக்கு எண்ணெயே வைத்ததில்லை, நீ கவனிச்சதில்லையா என்று கேட்டாள். நான் கவனித்ததில்லை. தீபாவளிக்குக்கூட அப்பா வெறும் சீயக்காய்தான், அம்மா இருந்தவரை அதற்குச் சண்டை நடக்கும், நாங்கள் அதை அப்பாவின் அழும்பு என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். நாற்பத்தாறு வருஷம் ஒரு மனுஷன் வறண்ட தலையோடு நம் நடுவில் நடமாடியிருக்கிறார், நாம் சீப்பில் முடி உடைகிறதே என்று கேலி பண்ணியிருக்கிறோம். எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டுமா? ராத்திரி முழுக்க வருகிறதா என்று பார்த்தேன். பரிதாபம்தான் வந்தது, அதுவும் கிண்ணத்தை வாங்கின அந்தக் காக்கிச் சட்டைக்காரன் மேல். தாத்தா மேல் ஏன் முதலில் வரவில்லை என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது, அப்புறம் அதுவும் வந்தது, தாத்தா கிண்ணத்தைப் பார்த்திருப்பார் இல்லையா, இவரைப் பார்த்திருப்பார் இல்லையா, நேற்று இவர் என்னைப் பார்த்த மாதிரி.

அப்பாவின் மார்பு ஏறுகிறது, இறங்குகிறது. ஏறி இறங்கி மறுபடி ஏறுவதற்கு நடுவில் ஒரு இடைவெளி விடுகிறார், அந்த இடைவெளியில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. இதோ ஏறிவிட்டது. தூங்கவில்லை, கண் மூடியிருக்கிறது, இமைக்குள் உருண்டை நகர்கிறது. இடது கை போர்வைக்கு வெளியே வந்து கிடக்கிறது, வெளியே வைத்தாரா தானாக நழுவியதா. வலது கை தொடைக்கு அடியில், அதை உடம்பால் அமுக்கி வைத்திருக்கிறார். காலையில் சிஸ்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், அவர் திட்டவில்லை, எண்ணெய் இல்லாமலும் செய்யலாமே டீச்சர், சும்மா கை வைத்தாலே போதுமே என்றார். சும்மா கை வைப்பது. நாற்பத்தொன்பது வயசில் எனக்கு அது தெரியவில்லை. நான் எதற்காக யாரைத் தொட்டிருக்கிறேன்? என் ஆட்டத்தில் தொட்டால் அவுட். விரல் நுனி முதுகில் பட்டால் போதும், பிள்ளை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். அப்பாவின் வேலையில் தொட்டால் ஆளே அவுட். சின்ன வயசில் எங்கள் வீட்டில் அதிகமாகக் கேட்ட வார்த்தை தொடாதே. சுவிட்சைத் தொடாதே, ஈரக் கையோடு தொடாதே, அப்பா இப்போதுதான் வந்திருக்கிறார் தொடாதே. தொட்டால் போச்சு என்பதுதான் எங்கள் குடும்பத் தொழில். கல்யாணமாகிப் போகும்போது எல்லார் வீட்டு அப்பாவும் கட்டிப்பிடித்து அழுதால் எங்கள் அப்பா, போன உடனே வீட்டு வயரிங்கைப் பார்த்துக்கோ, எர்த் சரியா இருக்கணும் என்றார். எர்த் சரியாகத்தான் இருந்தது.

சொல்லிவிடலாமா? அப்பா, நான் அதற்காக வரவில்லை என்று. எதற்காக என்று அவர் கேட்டால்? கேட்க மாட்டார். ஆனால் சொல்லிவிட்டால் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், நாற்பத்தாறு வருஷம் மகளுக்குத் தெரியாமல் காப்பாற்றின ஒன்றை நான் கட்டிலில் போட்டு உடைத்த மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் அவர் என்னைப் பார்த்து வாயை இறுக்கிக்கொண்டே போய்விடுவார். போகிற அன்றைக்கு எல்லாரும் வருவார்கள், வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தலையில் வைப்பார்கள், சீயக்காய் வைப்பார்கள், அப்போது மட்டும் யாருக்கும் தொடப் பயமில்லை. அம்மாவுக்கு அப்படித்தான் நான் வைத்தேன், உயிரோடு இருந்தபோது அவள் உச்சந்தலையை நான் எப்போது தொட்டேன் என்று வரிசையில் நின்றபடி யோசித்தேன், ஞாபகம் வரவில்லை, பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். இவருக்கு அப்படி விடக் கூடாது. இப்போது தொடு. கனி, கையை நீட்டு. என் கை மடியிலேயே கிடக்கிறது, பயிற்சியில் முதல் நாள் வந்த பிள்ளை மாதிரி. வெளியே கூட்ஸ் வண்டி போகிறது, நீளமாகப் போகிறது, அது போய் முடியட்டும் என்று காத்திருக்கிறேன், முடிந்துவிட்டது, இப்போது ஸ்டூலில் ஒரு ஈ, அது போகட்டும். உள்ளங்கை வேர்க்கிறது. உள்ளங்கையை வைத்தால் பிடிக்க வருகிறாள் என்று நினைப்பார். எப்படி வைத்தால் பயப்பட மாட்டார்?

காய்ச்சல் என்றால் அப்பா என் நெற்றியைத் தொடுவார், அந்த ஒரு நேரம் மட்டும் தொடுவார், அதுவும் புறங்கையால். எல்லா வீட்டிலும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன், ஆனால் அப்பா பேனாவை எடுத்தாலும் புறங்கையால் ஒரு தடவை தட்டிவிட்டு எடுப்பார், கதவைத் திறந்தாலும் அப்படித்தான். ஏன் என்று ஒரு நாள் கேட்டதற்கு, உள்ளங்கையால் கரண்டைத் தொட்டால் விரல் தானாக மூடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது, புறங்கை பட்டால் கை உள்பக்கம் மடங்கி விலகிவிடும், அதுதான் பழக்கம் என்றார். அதையே செய்கிறேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானே திரும்பிக்கொண்டது. அவருடைய இடது மணிக்கட்டில் என் புறங்கையை, விரல் கணுக்கள் மட்டும் படும்படி, கோழி இறகு விழுகிற மாதிரி வைக்கிறேன். சூடாக இருக்கிறார். தோல் இவ்வளவு மெல்லிசா, எலும்பு இவ்வளவு பக்கத்திலா. கை உதறவில்லை. ஒரு மூச்சு. இடைவெளி. இன்னொரு மூச்சு. இமை திறக்கிறது, முதலில் என் கையை, அது திரும்பியிருக்கிற விதத்தைப் பார்க்கிறார், வெகுநேரம் பார்க்கிறார், வாயோரம் ஒரு பக்கம் மட்டும் மேலே போகிறது.

"லைன் செத்துருச்சான்னு பாக்கியா?"

எனக்குச் சிரிப்பு முதலில் வந்ததா அழுகை முதலில் வந்ததா, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. சப்ளை நல்லா இருக்குப்பா என்றேன். அவர் உம் என்றார், லோ வோல்டேஜ் என்றார். கையை எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுக்கவில்லை. புறங்கையாலேயே மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை போனேன், அவர் மூச்சு இழுக்கும்போது மேலே, விடும்போது கீழே, சிஸ்டர் சொன்ன பால் ஆடை இப்போதுதான் எனக்குப் புரிகிறது, அழுத்தாமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ கை தானாகப் புரண்டு உள்ளங்கை பட்டது, பயந்துபோனேன், அவர் ஒன்றும் செய்யவில்லை. கண் மேலே ஃபேனில் இருந்தது. பேசமாட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பேசினார், என்னைப் பார்த்துப் பேசவில்லை, ஃபேனிடம் சொன்னார்.

"உங்க தாத்தாவுக்கு நாந்தான் ஊத்துனேன், கனி."

தெரியும்பா என்றேன். இவ்வளவு சின்ன வார்த்தைக்கா நேற்று ராத்திரி முழுக்க முழித்துக் கிடந்தேன். எப்ப இருந்து என்று கேட்டார். நேத்து என்றேன். அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார், நான் அதோடு மணிக்கட்டு வரை இறங்கி வந்தேன். எல்லாரும் சொன்னாக, நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், ஐயா என்னையே பாத்தாரு என்றார், துண்டு துண்டாக, நடுவில் உமிழ்நீரை விழுங்கிக்கொண்டு. ஆறுதல் சொல்கிற உரிமை தாத்தாவுக்குத்தான் உண்டு, எனக்கில்லை. எனக்கு உரிமை உள்ளதை மட்டும் சொன்னேன். நான் ஊத்த வரலப்பா, புடிச்சுவிட வந்தேன் என்றேன். சொல்லிவிட்டு அந்த வார்த்தையை நானே ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். பிடித்து, விடுவது. இரண்டையும் சேர்த்து ஒரே வார்த்தையாகத்தான் எப்போதும் சொல்லியிருக்கிறோம், கால் பிடிச்சு விடு, தோள் பிடிச்சு விடு. என்னால் இவரைப் பிடித்துவைக்க முடியாது, ஆனால் பிடித்துவிட முடியும். அப்பாவின் கண் ஓரத்தில் ஈரம் காது வரை போனது, அதையும் புறங்கையால் துடைத்தேன். நெற்றி மேல் கையை வைத்தபோது முகம் சுளிக்கிறதா என்று பார்த்தேன். சுளிப்பு இல்லை, நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த தாடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை, என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் எதுவும் நடக்காமல் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, எண்ணவில்லை. தோள், கை, விரல் ஒவ்வொன்றாக, கட்டை விரல் அடியில் பழைய தீக்காயத்தின் தழும்பு வழவழவென்று இருந்தது, இத்தனை வருஷம் அதைக் கண்ணால் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். திடீரென்று, என்ன இது கையா உப்புத்தாளா என்றார். பி.டி. டீச்சர் கை இப்படித்தான்பா இருக்கும், இருபது வருஷம் மைதானத்து மண் என்றேன். வறவறங்குது என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, என்னைப் பார்த்து, நேராகப் பார்த்து, அந்த எண்ணெயத்தான் கொண்டாயேன் என்றார். நிசமாவாப்பா என்று கேட்கவில்லை, கேட்டால் அவர் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும், அந்த வேலையை அவருக்கு இரண்டு தடவை கொடுக்கக் கூடாது. அடுப்படிக்குப் போனேன், கிண்ணத்தைத் தொடவில்லை, சூடு பண்ணவில்லை, பாட்டிலோடு எடுத்து வந்து அவர் கண் முன்னால் மூடியில் நாலு சொட்டு விட்டு என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினேன். வாசம் எழும்பியது. அப்பா மூக்கு விடைத்தது. நான் அப்படியே கையை நிறுத்திவிட்டேன். அவர்தான் இடது கையை அரை அடி நகர்த்திக் கொடுத்தார்.

எண்ணெய் பட்டதும் அந்தக் கை வேறு கை ஆனது. தோல் குடித்தது, உப்புப் பூத்த மாதிரி இருந்த முன்னங்கை மினுங்கத் தொடங்கியது, நரம்புகள் என் விரலுக்கு அடியில் வழுக்கி வழுக்கி விலகின. அப்பா முனகினார், வலியா என்றேன், இல்லை என்று தலையை ஆட்டினார். கஞ்சி ஆறிப்போயிருக்குமே என்றார் கண்ணை மூடிக்கொண்டே, வேறு யாரையோ கேட்பது மாதிரி. காய்ச்சித் தாரேன்பா, ரெண்டு நிமிஷம் என்றேன், எனக்கு அப்படியே எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது, ஆட்டத்தில் ஜெயித்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. மெதுவா, மெதுவா, இதை முடிச்சுட்டுப் போ என்றார். ஐந்து விரலையும் முடித்தேன். கையைப் போர்வை மேல் பதமாக வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனேன். அப்போது தொடைக்கு அடியில் ஏதோ அசைந்தது. வலது கை, ஒரு நாள் முழுக்க உடம்பின் எடையில் கிடந்து வெளிறிப்போன கை, படுக்கையில் ஊர்ந்து வெளியே வந்து, பாதி வழியில் நின்று, என் முன்னால் மல்லாந்து திரும்பியது. அப்பா அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எப்போதும் எல்லாரும் சொல்கிற மாதிரிதான் சொல்லத் தொடங்கினார், பாதியில் அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

"இந்தக் கை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

மூடியில் இன்னும் இரண்டு சொட்டு விட்டேன்.

"ஒண்ணும் பண்ணலப்பா, குடுங்க" என்று சொல்லி அதை என் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டேன்.